வாளி ஏறிய நேரம்

திங்கட்கிழமை காலையில் மழைமானியின் ஜாடியில் இருக்கும் தண்ணீரை அளந்து, அதில் பாதியை ஞாயிற்றுக்கிழமை பேரிலும் மீதியைத் திங்கட்கிழமை பேரிலும் எழுதுவதுதான் நான் வேலையில் கற்றுக்கொண்ட முதல் பாடம். சொல்லிக்கொடுத்தவர் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்.

"ஞாயித்துக்கெழம பேஞ்சா பேஞ்சிட்டுப் போவுது. அதுக்காவ லீவு நாள்ல வந்து கிளாஸைப் புடிச்சிகினு நிப்பியா? பங்கு போட்டு எழுதிடு. வானம் வந்து ரிஜிஸ்டரைக் கேக்கப் போவுதா?" என்றார்.

நான் சிரித்தேன். பிழைக்கத் தெரிந்த ஆள் என்று நினைத்தேன். அன்றைக்கே, எழுதாமல் பாக்கியிருந்த நாலு வார ஞாயிற்றுக்கிழமைகளைப் பங்குபோட்டு எழுதினேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டும் வாங்கினேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் எங்கள் இலாகாவில் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் ஒருவரைப் பார்த்தேன். செல்போனில் சனி ஞாயிறுக்குக் கடலோரக் காற்று எவ்வளவு, அலை எத்தனை அடி, படகு இறக்கலாமா கூடாதா என்று எல்லாம் காட்டினார். காட்டிவிட்டு, "உங்க காலத்து ரெக்கார்ட்ஸ் எல்லாம் கரெக்டா இருக்குமா சார்?" என்று கேட்டார். "இருக்கும் தம்பி" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பொய் தொண்டையை விட்டு இறங்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

1. கடல் சரியில்லை, ஏரிக்குப் போவோம்

எழுபதுகளின் நடுவில், உத்திரமேரூரில், ஏரிகளைக் கவனித்துக்கொள்ளும் ஒரு சின்ன செக்ஷன் ஆபீஸில் கேஜ் ரீடராக இருந்தேன். காலை எட்டரைக்கு மழைமானி. அது முடிந்ததும் சைக்கிளில் பெரிய ஏரிக்கரைக்குப் போய், மதகு ஓரம் நட்டிருக்கும் அளவுக் கல்லில் தண்ணீர் எத்தனை அடி எத்தனை அங்குலம் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான். ஒரு ஆளுக்கு அரை நாள் வேலை. மீதி அரை நாளில் என்னைப் பற்றி நானே பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏரியின் மீன் குத்தகையை அப்போது எடுத்திருந்தவர், பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பாய். மீனைவிட மனுஷரை நன்றாகத் தெரிந்தவர். செங்கல்பட்டு, தாம்பரம் பக்கத்துத் தூண்டில் பைத்தியங்கள் சனி ஞாயிறில் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போவார்கள். கடல் சரியில்லை என்றால் வெறுங்கையோடு வீடு திரும்ப மனசு வராது. எங்கேயாவது ஏரி குளம் தேடுவார்கள். அவர்களுக்காகவே பாய் தர்மபுரிப் பக்கம் ஆள் அனுப்பி இரண்டு பரிசல் வாங்கி வந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் லாரி ட்யூபில் உட்கார்ந்து வலை வீசுகிறவர்கள். பரிசலைப் பார்த்ததும், "இன்னா பாய், கோழி கவுக்கிற பஞ்சாரத்த வாங்கியாந்துகீற?" என்று கேலி செய்தார்கள்.

அந்த இரண்டு பரிசலையும் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரே ஆள் ஏகாம்பரம். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும், எனக்கு இருபத்தாறு. ஆனால் நான் அரசாங்க ஆள் அல்லவா? அவரை ஏகாம்பரம் என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர் என்னை "கேஜு சார்" என்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். காற்று மட்டும் படிப்பார். விடியற்காலையில் கரையில் நின்று தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். "இன்னிக்கி வாணாம்" என்றால் பாய் எவ்வளவு கெஞ்சினாலும் துடுப்பைத் தொடமாட்டார்.

அதில் ஒரு வேடிக்கை இருந்தது. கடல் எவ்வளவுக்கெவ்வளவு மோசமோ, அவ்வளவுக்கவ்வளவு எங்கள் ஏரியில் கூட்டம். கடலில் அடிக்கிற காற்று முப்பது மைல் தாண்டி ஏரியிலும் அடிக்குமே என்று வந்தவர்கள் யாரும் யோசித்ததில்லை. ஏரி என்றால் அவர்களுக்குத் தொட்டி.

2. ஹார்பர் மூளை

அந்த யோசனை எனக்கு வந்தது. அதுதான் வினை.

ராயபுரத்தில் எனக்கு ஒரு மாமா வீடு உண்டு. சின்ன வயதில் அங்கே போயிருந்தபோது, புயல் வந்தால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி நம் ஏரியிலும் செய்தால் என்ன? மதகுக்குப் பக்கத்தில் ஒரு சவுக்குக் கழி நட்டேன். உச்சியில் கிணற்று உருளை ஒன்றைக் கட்டிக் கயிறு விட்டேன். ஆபீஸில் தீ அணைக்க மணல் போட்டு வைத்திருந்த சிவப்பு வாளி ஒன்று சும்மா இருந்தது. தீக்கு வைத்த வாளியைத் தண்ணீருக்குக் கொண்டுபோனேன். சட்டம் ரொம்பச் சுலபம். வாளி மேலே ஏறியிருந்தால் பரிசல் இறங்கக் கூடாது. ஏறவில்லை என்றால் இறங்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். தெரிந்தவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. அதில் சனிக்கிழமைதோறும் நீர்மட்டம், ஏரியில் காற்று, ரேடியோவில் கேட்ட கடலோர நிலவரம் மூன்றையும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவேன்.

எங்கள் செக்ஷனின் ஜூனியர் இன்ஜினியர், ஜே.ஈ., வந்து பார்த்துவிட்டு, "உத்திரமேரூர்ல ஹார்பர் கட்டிட்டியேப்பா" என்று என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டில் நான் ஒரு சாண் வளர்ந்துவிட்டேன். வாளியை என்னைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்று நானே உத்தரவு போட்டேன்.

ஏகாம்பரத்துக்கு முதலில் பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை வாளி இறங்கியிருந்தபோது, "காத்து ஒரு மாரி கீது சார். வாணாம்" என்று நின்றார்.

"ரேடியோக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுதா?" என்றேன், வந்தவர்கள் முன்னாலேயே. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுத் துடுப்பை எடுத்தார். அன்றைக்குக் காற்று ஒன்றும் வரவில்லை. அப்படியே இரண்டு மூன்று தடவை ஆனது. அதன் பிறகு அவர் தண்ணீரைப் பார்த்து நிற்பதை விட்டுவிட்டார். வந்ததும் கழியைத்தான் பார்ப்பார். அவருடைய அத்தனை வருஷப் படிப்பை ஒரு மணல் வாளியை வைத்து அழித்திருக்கிறேன். அப்போது அது எனக்கு வெற்றியாகத் தெரிந்தது.

வாளிக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு அல்லவா? பழைய வழக்கம்தான். நான் குடியிருந்தது மானாம்பதியில், மனைவி ஊரில். சைக்கிளில் ஒரு மணி நேரம். அதனால் சனிக்கிழமை மத்தியானம் கிளம்பும்போதே ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து வாளியை முடிவு செய்துவிட்டு வந்துவிடுவேன். நாளைக்கு வரப்போகிற காற்றை இன்றைக்கே பங்குபோட்டாயிற்று.

3. தூறல்

ஐப்பசி கடைசி. அந்தச் சனிக்கிழமை வெயில் கூட அடித்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிய இன்னும் ஒன்றரை அடிதான் பாக்கி. "காற்று மிதம், மீன்பிடிக்க உகந்தது" என்று பலகையில் எழுதினேன். வாளியை மதகுக் கொட்டகையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் தூறல் பிடித்தது. மனைவி பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ரேடியோவில் செய்தி. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வலுத்துச் சென்னைக்குப் பக்கத்தில் வருகிறது, பலத்த காற்று வீசும், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். தெளிவாகத்தான் சொன்னார்கள். காதில் விழவில்லை என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

"வாளி ஏத்தணும் இல்ல?" என்றாள் மனைவி, அடுப்பை விட்டுத் திரும்பாமலே.

"கடலுக்குத்தானே சொல்றான். ஏரிக்கா சொல்றான்?" என்றேன்.

ஏரிக்கு வருகிறவர்களைப் பார்த்து நான் சிரித்த அதே முட்டாள்தனத்தை நானே சொன்னேன். நம்பிச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கேவலம். எனக்கு நன்றாகத் தெரியும். வெளியே தூறல், உள்ளே பணியாரம், ஏரி ஒரு மணி நேரச் சைக்கிள் தூரம். விடியற்காலையில் போய்க்கொள்ளலாம் என்று இன்னும் நாலு பணியாரம் தின்றுவிட்டுப் படுத்தேன்.

விடியற்காலையில் தென்னை மட்டை ஓட்டின் மேல் விழுந்த சத்தத்தில் விழித்தேன். காற்று வந்துவிட்டது. இந்த மழையில் எவன் வரப்போகிறான் என்று மறுபடி போர்த்திக்கொண்டேன். ஏழரை மணிக்கு மேல்தான் மனசு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. கடல் கெட்டால்தானே எங்கள் ஏரிக்குக் கூட்டம்? சைக்கிளை எடுத்தேன்.

4. இரண்டு நிமிஷம்

எதிர்காற்றில் பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போனேன். கரைமேல் ஏறும்போது ஒன்பது மணி தாண்டியிருந்தது. கரையில் ஒரு ஆள் இல்லை. சவுக்குக் கழி மொட்டையாக ஆடிக்கொண்டிருந்தது. கரும்பலகையில் நான் எழுதியதை மழை கழுவிவிட்டிருந்தது. ஏரி முழுக்கப் பழுப்பாக அலை. கரையிலிருந்து நூறு கஜ தூரத்தில் கறுப்பாக, உருண்டையாக ஒன்று மிதந்தது. கவிழ்ந்த பரிசல். அதைப் பிடித்துக்கொண்டு தலைகள் தெரிந்தன. இரண்டா மூன்றா என்று எண்ண முடியவில்லை.

இதற்குப் பிறகு நான் செய்ததை இதுவரை இரண்டு மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். நான் கத்தவில்லை. ஓடவில்லை. கொட்டகைக்குள் போனேன். அங்கே சுவரில் காற்று அடித்த லாரி ட்யூப் ஒன்றும், பக்கத்தில் நீளக் கயிறும் ஆபத்துக்கென்றே தொங்கின. அவற்றைத் தாண்டிப் போய்ச் சிவப்பு வாளியை எடுத்தேன். வெளியே வந்து கயிற்றில் கட்டி, உச்சிக்கு ஏற்றினேன். நனைந்த கயிறு உருளையில் சிக்கிக்கொண்டது. இறக்கிச் சரிசெய்து மறுபடி ஏற்றினேன். முடிச்சு சரியாக இருக்கிறதா என்று இழுத்துக் கூடப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகுதான் கத்தினேன்.

கழனியில் மடை திறக்க வந்திருந்த நாலு பேர் ஓடி வந்தார்கள். ட்யூபைப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் நீந்திப் போனார்கள். பரிசலில் போயிருந்தது செங்கல்பட்டைச் சேர்ந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவும் அவருடைய மச்சானும். குமாஸ்தா பரிசலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். மச்சான் பிடி நழுவிப் போய், கடைசி நேரத்தில் முழுகியிருக்கிறார். ஏகாம்பரம் முழுகி அவர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, ஒரு கையால் அவரையும் ஒரு கையால் பரிசலையும் பிடித்துக்கொண்டிருந்தார். கரைக்கு வந்தபோது மச்சானுக்கு உதடு நீலமாக இருந்தது. குப்புறப் போட்டு அமுக்கியதில் தண்ணீரும் சோறும் வந்தது, அப்புறம் மூச்சு வந்தது. பாய் ஒரு கார் பிடித்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஒரு வாரம் படுத்திருந்து பிழைத்தார்.

கரையில் ஏகாம்பரம் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்து, "அந்த மச்சான்காரரு தண்ணிக்குள்ள போயி ரெண்டு நிமிசம் கூட இருக்காதுப்பா. அப்பத்தான் நம்ம சாரு கத்துனாரு. நல்ல நேரத்துக்கு வந்தாரு" என்றார். எல்லோரும் என்னை நன்றியோடு பார்த்தார்கள். மேலே வாளி ஆடிக்கொண்டிருந்தது.

5. கையெழுத்து

செவ்வாய்க்கிழமை ஆபீஸில் விசாரணை. ஜே.ஈ., பாய், குமாஸ்தா, ஏகாம்பரம், நான். குமாஸ்தா சட்டம் தெரிந்தவர். வார்த்தைக்கு வார்த்தை "நெக்ளிஜென்ஸ்" என்றார்.

ஜே.ஈ. ஏகாம்பரத்தைப் பார்த்து, "வாளி ஏறியிருக்கும்போது எதுக்குய்யா பரிசல இறக்குன?" என்றார்.

"ஏறல சார். நான் பாத்துட்டுத்தான் எறக்குனேன். காத்து வேற ஒரு மாரி இருந்துச்சி. எனுக்கு மனசே இல்ல. சாரு வாளி ஏத்தல, அப்போ ரேடியோல ஒன்னும் சொல்லலன்னு தானே அர்த்தம், நமக்கு இன்னா தெரியும்னு எறக்கிட்டேன்."

"ஓடி வந்த நாலு பேரும் வாளி மேல இருந்துச்சின்னு சொல்றாங்களே."

ஏகாம்பரம் யோசித்தார். "அதான் சார் எனுக்கும் புரியல. தண்ணில தத்தளிக்கச்சே திரும்பிப் பாத்தேன். வாளி ஏறித்தான் இருந்துச்சி. செவப்பா தெரிஞ்சிச்சி. கரையில நிக்கச்சே மட்டும் என் கண்ணுக்குத் தெரியல."

ஜே.ஈ. என் பக்கம் திரும்பினார். "நீ எப்போப்பா ஏத்துன?"

உண்மையைச் சொல்ல அப்போது கூட நேரம் இருந்தது. குமாஸ்தா பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் சார். ரேடியோ கேட்டதும் வந்து ஏத்திட்டுப் போனேன்."

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையை ஆட்டினார். "சாரு ஏத்துனேன்னு சொன்னா ஏத்தித்தான் இருப்பாரு. பொய் சொல்ற ஆளு இல்ல. என் கண்ணுதான் மங்கிப் போச்சி போல" என்றார்.

ரிஜிஸ்டரில் சனிக்கிழமை பேரில் "மாலை 6.00, வாளி ஏற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் போல நன்றாகவே இருந்தது.

பாய் கெட்டவர் இல்லை. அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. "ஏகாம்பரம், உன் மேல எனுக்குக் கோவம் இல்ல. ஆனா கண்ணு தெரியாத ஆள்கிட்ட நாலு பேரு உசுர எப்டிக் குடுக்கிறது?" என்றார். ஏகாம்பரம், "நீ குடுத்தாலும் நான் வாங்க மாட்டேன் பாய்" என்று துடுப்பை அவர் கடை வாசலில் சாத்தி வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் மனைவி அன்றைக்குச் சாப்பாடு போட்டாள். ஆனால் எதிரில் உட்காரவில்லை.

6. கண் பரீட்சை

மனசு உறுத்தியதால் நான் என்ன செய்தேன் தெரியுமா? உபகாரம். ஏகாம்பரத்தைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்ட நானே அழைத்துப் போனேன். திருடிய வீட்டுக்குப் பூட்டு வாங்கிக் கொடுத்த மாதிரி. பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, "உன் வேலையெல்லாம் உட்டுட்டு எனுக்காவ வந்துகீற. நல்லா இருப்ப நைனா" என்றார்.

படிக்காதவர்களுக்கென்று ஒரு அட்டை உண்டு. அதில் கவட்டை மாதிரி ஒரு குறி நாலு பக்கமும் திரும்பியிருக்கும். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்ட வேண்டும். ஏகாம்பரம் கடைசி வரி வரைக்கும் தப்பில்லாமல் காட்டினார். டாக்டர் சிரித்துவிட்டார். "இவர் கண்ணை எனக்கு மாத்திக் குடுங்க. ஒரு குறையும் இல்லை" என்றார்.

நான் சந்தோஷப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். ஏகாம்பரம் சந்தோஷப்படவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகச் சொன்னார்: "கண்ணு நல்லா கீதுன்றாரு. அப்போ மூளையிலதான் இன்னாவோ கோளாறு. எதிர்ல கீறது எனுக்குத் தெரியாம போச்சின்னா, அது இன்னும் மோசம் இல்ல சார்?"

இப்போதாவது வாயைத் திறடா என்று எனக்குள் ஒருவன் சொன்னான். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல ஏகாம்பரம், மழை வேகத்துல தெரிஞ்சிருக்காது" என்று இன்னொருவன் சொன்னான். வாய் இன்னொருவனிடம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் மாறிப்போனார். தண்ணீர்ப் பக்கம் போவதில்லை. பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கமாட்டார். பஜாரில் ரோட்டைத் தாண்ட வேண்டும் என்றால் மனைவி குப்பம்மாளின் கையைப் பிடித்துக்கொள்வார். லாரி எதுவும் வரவில்லை என்று அவருக்கே தெரியும், ஆனாலும், "வருதா பாரு, வருதா பாரு" என்று கேட்பார். பாய் கடையில் கூடை முடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஆபீஸுக்குப் போகிற வழியில் தினமும் அதைப் பார்ப்பேன். பிறகு வேறு வழியாகப் போகத் தொடங்கினேன்.

எனக்கு என்ன ஆயிற்று? பக்கத்து ஏரிகளிலும் வாளிக் கழி நடச் சொன்னார்கள். அதை எப்படிச் செய்வது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

7. காக்காய்க் கூடு

ஏழு வருஷம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. ஊரை விட்டுப் போனால் தப்பித்துவிடலாம் என்று முதலில் தோன்றியது. அப்புறம், போனால் இதைச் சொல்லவே முடியாமல் போய்விடும் என்று பயம் வந்தது. ஒரு காலைப்பொழுதில் ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் கூடை முடைந்துகொண்டிருந்தார். "வா சார், வா. குப்பு, சாருக்கு மோர் குடு" என்றார். குப்பம்மாள் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடிக்கவில்லை.

"அண்ணா" என்றேன். அதுவரை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் கை நின்றது. "அன்னைக்கு நீங்க பார்த்தப்போ வாளி ஏறல. ரேடியோ கேட்டும் நான் வரல. மறுநாள் காலைல வந்தேன். நீங்க தண்ணில இருக்கிறதப் பார்த்த அப்புறம்தான் ஏத்தினேன். ட்யூப எடுக்காம முதல்ல அதத்தான் ஏத்தினேன். விசாரணைல சொன்னது பொய். ரிஜிஸ்டர்ல எழுதினதும் பொய்."

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் அடிக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் திரும்பி, தெருக்கோடியில் இருந்த புளியமரத்தைப் பார்த்தார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அந்த மரத்துல, உச்சிக்குக் கீழ ரெண்டாவது கெளையில, காக்கா கூடு ஒன்னு கீதா இல்லியா?"

நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். "இருக்குது அண்ணா."

"நெஜமா கீதா?"

"நெஜமா இருக்குது."

கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஏய் குப்பு! எனுக்குக் கண்ணு நல்லாத்தான் கீதாம்! மூளையும் நல்லாத்தான் கீதாம்டி!" என்று கத்தினார். சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். என் மேல் ஒரு துளி கோபம் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் கோபத்துக்கு இடமே இருக்கவில்லை. ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு வரைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

கோபம் குப்பம்மாளிடம் இருந்தது. அவள் வந்து என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏழு வருசம் இந்த மனுசன் கைய நான் புடிச்சிகினு நடந்தேன். பைத்தியம் புடிச்சிகிச்சின்னு கோயில் கோயிலா இட்டுகினு போனேன். நீ இன்னிக்கி வந்து சொல்ற. எழுந்து போ சார். இன்னோரு தபா இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத."

அவள் சொன்னது நியாயம். அதன் பிறகு மிதிக்கவில்லை.

அங்கிருந்து நேராகப் பாய் கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஆபீஸுக்கு வந்து, பழைய ரிஜிஸ்டரை எடுத்து, அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, "ஞாயிறு காலை 9.00 மணிக்கு மேல், விபத்துக்குப் பின் ஏற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதிதாக வந்திருந்த ஜே.ஈ., "முடிஞ்சு போனதை ஏன்யா கிளர்ற?" என்று சலித்துக்கொண்டார். முடிந்து போகவில்லை சார் என்றேன். மெமோ கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். போய்ப் பார்க்காத தண்ணீரை எழுதாதீர்கள். நாளைக் காற்றை இன்றைக்கே எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். நீங்கள் எழுதுகிற எண்ணை நம்பி ஒருவன் தன் கண்ணையே சந்தேகப்படுவான். தவறினால் அந்த நிமிஷமே தவறினேன் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் ரிஜிஸ்டரில் என் ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அழகான கையெழுத்தில் இருக்கும். ஒன்றைக் கூட நம்பாதீர்கள்.

ஊரை விட்டுக் கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டு எதிரில் பெட்டியோடு செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரம் வந்தார். குப்பம்மாள் கூட இல்லை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு நெல் லாரி போக விட்டார். பிறகு யார் கையையும் பிடிக்காமல், அவசரப்படாமல், தனியாகத் தாண்டி வந்தார். என் பக்கத்தில் நின்று, ரோட்டின் கோடியைக் காட்டினார்.

"அதோ வருது பார் சார், உன் பஸ்ஸு. உனுக்கு இன்னும் தெரியலியா? எனுக்குத் தெரியுது."